மறுமுனையில் இருநூறு கிலோ ஓம்

இது நடந்தது. நம்பாதவர்களிடம் சண்டைக்குப் போக மாட்டேன். பல நாள் நானே நம்பவில்லை. ஆனால் அன்று நோட்டில் எழுதிய நேரங்களும் எண்களும் அப்படியே இருக்கின்றன.

லா செய்பா, எங்கள் துறைமுக ஊர். வியாழக்கிழமை, மாலை 5.31. செவ்வாய்க்கிழமைப் புயலுக்குப் பிறகு அண்ணன் ஒஸ்மானின் மீன்பிடிப் படகிலிருந்து ஒரு சேதியும் இல்லை. என் வானொலிப் பெட்டியில் அவன் குரலைத் தேடலாம் என்றால், மாடி ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள் புயலில் அறுந்துவிட்டது. பழைய மின்சாமான் விற்கும், நாங்கள் தோன்யா (அம்மா) என்று கூப்பிடும் நூபியாவின் கடையில் முப்பது மீட்டர் கேபிள் சுருள் ஒன்று இருந்தது.

நுனியை வெட்டிப் பார்த்தேன். செம்பு பளபளத்தது. ஈரமில்லை. மின்தடை அளக்கும் மீட்டரின் ஒரு ஊசியை நடுக்கம்பியிலும் மற்றதை அதைச் சுற்றிய கம்பிவலையிலும் வைத்தேன். மறுநுனி தரையில் சும்மா கிடந்தது. இந்த நிலையில் எண் எதுவும் வரக் கூடாது.

200 கிலோ ஓம்.

"விரலை எடுடா ஹெய்னர்! உன் உடம்பையே அளந்துக்கிட்டு நிக்கறே," என்று நூபியா சிரித்தாள். "கேபிள் வாங்க வந்தியா, அதுக்கு வைத்தியம் பாக்க வந்தியா?"

மாலை நேர மின்னியல் வகுப்பில் நான் வழக்கமாகச் செய்யும் தப்புதான். இரண்டு ஊசிகளையும் விரல் தொட்டால் மீட்டர் நம் உடம்பின் மின்தடையைக் காட்டும். ஊசிகளுக்குப் பதில் கவ்விகளை மாட்டினேன். கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

5.44. எண் 180.

என் விரல் இல்லை. அப்படியானால்...

மறுநுனி இரண்டடி தள்ளிக் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. மீட்டரை வேறு கேபிளில் மாட்டினேன். எண் வரவில்லை. மறுபடி இதில்.

5.48. எண் 90.

ஈரக் கை இறுக்கிப் பிடித்தால்தான் இப்படி இறங்கும்.

"தோன்யா... அந்தப் பக்கம் யாராவது...?"

அவள் சிரிப்பு நின்றது. "கழட்டுடா."

60.

40...

"கழட்டித் தொலைடா!"

31...

பிடுங்கினேன்.

5.52.

கேபிள் வாங்கவில்லை. ஓடிவந்துவிட்டேன்.

ஞாயிறன்று அண்ணனின் படகிலிருந்து ஒருவன் மட்டும் கரை சேர்ந்தான். சமையல்காரன் மார்வின். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"கவுந்த படகு மேல ரெண்டு நாள் கெடந்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு அறுந்த கயிறு மிதந்து வந்துச்சு. உங்கண்ணன் புடிச்சுக்கிட்டான். மறுமுனை எதுலயும் கட்டல, நான் பாத்தேன். 'அந்தப் பக்கம் ஹெய்னர் புடிச்சிருக்கான்'னு சொன்னான். இறுக்கிக்கிட்டே இருந்தான்."

மார்வின் தன் கைக்கடிகாரத்தைத் தடவினான்.

"ஆறுக்கு எட்டு நிமிஷம் இருக்கறப்ப 'விட்டுட்டான்'னான். அப்புறம் அவனும் விட்டுட்டான்."