அவள் படித்துக் கொடுத்தவை

டைப்பிங்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். ஆனால் அடுத்தவர் கையெழுத்தைப் படிக்க மட்டும் அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. அது மனைவியின் வேலை. அவள் மைக்கில் படித்துப் பதிவு செய்வாள். அவர் காதில் மாட்டிக்கொண்டு தட்டுவார். "புள்ளி. அடுத்த பாரா. இந்த ஆளு எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குங்க... ஐயையோ, இதையும் அடிச்சிடாதீங்க!" இப்படியே ஒன்பது வருடம் ஓடியது.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மனுஷருக்கு அந்தப் பதிவுகளைப் போட்டால்தான் சாப்பாடு இறங்கும். வீட்டில் வேறு பேச்சுக்குரல் கிடையாது.

கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் சாகவில்லை. முதலில் ஃபோல்டர் திறக்க ஆமை வேகம். பிறகு அவள் குரல் பாதி வார்த்தையில் நின்று நின்று வந்தது. ரிப்பேர்காரர் போனில், "அண்ணே, ஹார்ட் டிஸ்க் போகப்போகுது. முக்கியமானதை உடனே பென்டிரைவ்ல ஏத்திட்டு ஆஃப் பண்ணிடுங்க" என்றார். இவர் திரையிலிருந்த அவள் ஃபோல்டரை இழுத்துப் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஒன்பது வருடப் பேச்சு ஒரு நொடியில் ஏறுமா? அட, அதைக்கூட யோசிக்கவில்லை பாருங்கள்! அதான் எடுத்தாயிற்றே என்று பழையபடி டிஸ்க்கிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டக், டக் என்று சத்தம் வந்தபோதும் அசரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் திரை இருண்டது.

ரிப்பேர்காரர் டிஸ்க்கைச் சோதித்துவிட்டுக் கையை விரித்தார். "உள்ள தகடே கீறிப் போச்சு. எங்க கொடுத்தாலும் தேறாதுண்ணே."

"பரவாயில்ல தம்பி, எல்லாம் இதுல இருக்கு" என்று இவர் பென்டிரைவை நீட்டினார்.

அதைச் சொருகிப் பார்த்த ரிப்பேர்காரர் திரையை இவர் பக்கம் திருப்பினார். "அண்ணே, மூலையில சின்னதா அம்புக்குறி தெரியுதா? இது வெறும் ஷார்ட்கட். வீட்டைக் காலி பண்ணிட்டு வரச் சொன்னா, விலாசத்தை மட்டும் எழுதிட்டு வந்திருக்கீங்க."

இவருக்கு, ஆபத்து தெரிந்தும் கோட்டை விட்டோமே என்று தன்மீதே ஆத்திரம் பொங்கியது.

"அண்ணி வேற யாருக்காவது வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பாங்க. சொந்தக்காரங்க, சிநேகிதி... கேட்டுப் பாருங்களேன்."

யாரைக் கேட்பது? போன் அடித்தால்கூட எடுத்து இவரிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவள் அவள்.

"அவ என்கிட்ட மட்டும்தான் பேசுவா, தம்பி" என்றார்.