முனி வளைவில் நிற்காத லொறி

பீலியில் தண்ணீருக்குக் குடம் வைத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒருவர் மேட்டில் நின்றபடியே சத்தமிட்டார்: "டிரைவர் பெருமாளு போயிட்டாரு!" காய்ச்சல் என்று போனவர். என் குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஒருவரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

கருமாதியன்று பிள்ளைகளில் ஒருவர் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்து மாஸ்டர் கேட்டார். நான் கை தூக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் வீட்டார் உறங்கிய பின், திரியைத் தணித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தால் விளக்கை மறைத்துக்கொள்கிறேன். இதில் அப்பாவும் வருவார். அவரை விட்டுவிட்டுப் பெருமாள் மாமாவின் வெற்றியைச் சொல்ல முடியாது.

போன வருஷம் நம் தோட்டத்து லொறிக்கு வந்த கோளாறு உங்களுக்கு நினைவிருக்கும். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெமோதரை ஸ்டேஷனுக்குப் புறப்படும். முனியாண்டி கோயில் வளைவில், ஏற்றம் கடுமையாகும் இடத்தில், இருமி இருமி நின்றுவிடும். டீசல் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது என்பார்கள். மாமா இறங்கி, டேங்கில் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். பிறகு குழாயின் மூட்டைத் தளர்த்தி, நுரை அடங்கி வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பை அடிப்பார். வண்டி கிளம்பும். அடுத்த வாரம் அதே வளைவில் மறுபடி நிற்கும். பண்டாரவளையிலிருந்து புதுக் குழாய் வாங்கிப் போட்டார்கள். மூட்டுகளுக்குப் புது வாசர் போட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. வெள்ளி, சனிக்கிழமைகளில்தான் அதிகம் நின்றது. முனிக்கு உக்கிரமான நாட்கள் என்றார்கள்.

மலையில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்காவுக்கு அது நல்ல வேடிக்கை. "என்னா டிரைவரு, ஒங்க பொண்டாட்டி மறுபடியும் கோவிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாளா?" என்பார்.

"ஒங்க வாய்க்குப் பயந்துதாங்க்கா நின்னுடுறா. கொஞ்சம் மறைஞ்சு நில்லுங்க" என்பார் மாமா.

ஆனால் தோட்டத்தை நடத்தும் தொரை ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பெட்டிகள் ரயிலைத் தவறவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்து வரிசை வீட்டில் அவர் குடியிருந்த லயக் காம்பராவையும் விட்டுப் போக வேண்டும். அத்தை அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அதற்குப் பிறகு மாமா மாரியாயி அக்காவுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

என் அப்பா ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. முனி கோயில் பூசையும் அவர்தான். வெள்ளிக்கிழமை காலையில் லொறியைக் கோயில் முன் நிறுத்தி, கற்பூரம் காட்டி, சந்தனம் பூசுவார். டேங்கு மூடியில்தான் பெரிய பொட்டு. வண்டிக்குள் உயிர் இறங்கும் வாய் அது என்பது அப்பாவின் நம்பிக்கை. லொறி நிற்க நிற்கப் பொட்டும் தடித்தது. "இன்னுங் கொஞ்சம் அப்புங்க கங்காணி" என்று மாமாவே கேட்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது லொறி வளைவில் நின்றிருந்தது. மாமா மூடியைத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். குனிந்து காதை வைத்தார். மூடியைத் திருப்பிப் பார்த்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிறிய துளை ஒன்று தெரிந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பாப்பா, இதுக்கும் மூக்கு இருக்கு! வாராவாரம் நாமளே அடச்சிப்புட்டு, ஏன் மூச்சு முட்டுதுன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

டீசல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளை அடைபட்டால் டேங்கு டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்ததால்தான் வண்டி ஓடியது. நாங்களோ குழாயைச் சரிசெய்ததால் ஓடியது என்று நினைத்திருந்தோம். சில நாளில் சந்தனம் காய்ந்து வெடித்ததும் கோளாறு தானாக மறைந்தது.

பெட்டிகளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியதும் மாமா நேராக அப்பாவிடம் போனார்.

"கங்காணி, நெத்தியில பூசுங்க, நெஞ்சுல பூசுங்க. மூக்குல மட்டும் வேணாங்க."

"முனி சந்தனமாடா வண்டிய நிப்பாட்டுச்சு?"

"முனி மேல குத்தமில்லீங்க. ஒங்க மேலயும் இல்ல. இன்னும் அப்புங்கன்னு கேட்டவன் நான்தானே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவால் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்புத்தான். "இனிமே ஒன் பேரு என் வீட்டுல கேக்கப்படாது. சந்தனம் இல்லாம நாளைக்கு அந்த வளைவத் தாண்டு, பாப்போம்!"

மறுநாளை நான் எப்படி மறப்பேன்? வளைவில் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். பெட்டிகளின் பாரத்தில் லொறி முனகிக்கொண்டு ஏறியது. வழக்கமாக இருமும் இடம் வந்தது. மாரியாயி அக்காவே வாயை மூடிக்கொண்டார். லொறி இருமவில்லை. கோயிலைக் கடந்தது, வளைவைக் கடந்தது, மேட்டுக்குப் போய் நீளமாக ஹார்ன் அடித்தது! மலை முழுக்கக் கூடைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். "போடி மகராசி, போ!" என்று அக்கா லொறியைப் பார்த்துக் கத்தினார். பெட்டிகள் ரயிலேறின. சாவி மாமாவிடமே இருந்தது. அந்தக் காம்பராவில்தான் அவர் மகள் பிறந்தாள்.

அதன் பிறகு லொறி அந்த வளைவில் நின்றதே இல்லை. அப்பா வெள்ளிக்கிழமை சந்தனத்தை முன்பக்கத்தில் மட்டும் பூசினார். மாமாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

பதுளையிலிருந்து மாமாவைக் கொண்டுவர லொறி புறப்பட்ட காலையில் நான் பார்த்ததை யாருக்கும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அப்பா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு லொறியருகே போனார். டேங்கு மூடியைக் கழற்றி, துளைக்குள் ஈர்க்கை விட்டுத் துடைத்தார். வாயை வைத்து ஊதிப் பார்த்தார். மூடியைத் திருகிவிட்டு, அதன்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். மத்தியானம் மாமாவைச் சுமந்துகொண்டு அந்த லொறி முனி வளைவை நிற்காமல் கடந்து வந்தது.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: தன் தவறு தெரிந்ததும் ரோட்டில் உட்கார்ந்து சிரித்தாரே, அந்தச் சிரிப்பு. கருமாதியன்று அப்பா முன்வரிசையில் இருப்பார். எனக்குப் பயம்தான். ஆனாலும் பெயரிலிருந்தே தொடங்கப் போகிறேன், கடைசி லயத்துக்கும் கேட்கும்படி: டிரைவர் பெருமாள்.