அம்மாவின் அறைக்கு என்ன கலர்?

பாளையம்பட்டியில் வீடு கட்டி முடித்தபோது, மற்ற அறைகளுக்கெல்லாம் கலர் முடிவு செய்ய ஒரு மதியம் போதுமாக இருந்தது. அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறைதான் என் உயிரை வாங்கியது.

அப்பா போன பிறகு அம்மா திருச்சுழி வீட்டில் தனியாக இருந்தாள். எங்களோடு வந்துவிடு என்று நான் கேட்காத நாளில்லை. வருகிறேன் என்றும் சொல்ல மாட்டாள், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டாள். பால் காய்ச்சுகிற அன்றைக்கு வந்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அறை பிடித்துவிட்டால் தங்கிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. என்ன கலர் வேண்டும் என்று போனில் கேட்டேன்.

"எதுனாலும் சரித்தா. செவுத்தையா திங்கப் போறேன்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த முறை திருச்சுழி போனபோது, நல்ல நாளுக்கெல்லாம் அவள் கட்டுகிற காட்டன் சேலையைப் பீரோவிலிருந்து சத்தமில்லாமல் எடுத்து வந்துவிட்டேன். இந்தக் கலரையே சுவரில் அடித்துவிட்டால் என்ன குறை சொல்வாள்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெயின்ட் கடையில் சேலையை விரித்தேன்.

"நீலந்தானம்மா?" என்றார் கடை அண்ணாச்சி.

"செவப்புல்ல இது?" என்றார் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர்.

எனக்கோ சின்ன வயதிலிருந்து அது கத்திரிப்பூ நிறம். வெயிலில் பார்ப்போம் என்று வாசலுக்குக் கொண்டுபோனோம். அங்கே அண்ணாச்சி சிவப்பு என்றார், இவர் நீலம் என்றார். எனக்குத் தலை சுற்றியது.

பாவு நூல் ஒரு கலர், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் வேறு கலர் என்று நெய்தால் சேலை அப்படித்தான் திருப்பத் திருப்ப மாறும். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். மூன்று கலரையும் தனித்தனி டப்பாவில், வெளிறினாற்போல் கலந்து தரச் சொன்னேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு சுவர் இளநீலம், ஒன்று ரோஸ், ஒன்று கத்திரிப்பூ. அறை கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. "நாலாவது செவுருக்கு என்னக்கா?" என்று பெயின்டர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பால் காய்ச்சுகிற நாள் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு அம்மா வேறொரு சேலையில், கையில் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். அந்தப் பையைப் பார்த்ததுமே, இது ஒரு ராத்திரிக்கான பைதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"எஞ் சேலையக் காணோம்டி. வீடு பூரா தேடிட்டேன்."

அறைக்குக் கூட்டிப்போய்ச் சேலையைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சுவர்களைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இத எடுக்கப் போன அன்னைக்கு, நீலமா செவப்பானு சேலக் கடையில முழிச்சுக்கிட்டு நின்னேன். உங்கப்பா, பஸ்ஸு போயிரும் சீக்கிரம் எடுன்னு கத்துனாக. அதான் ரெண்டும் கெடக்கட்டும்னு இத எடுத்தேன். எனக்கு என்ன கலர் புடிக்கும்னு எனக்கே தெரியாதுடி."

பிறகு பெயின்ட் அடிக்காமல், வெள்ளைப் பட்டி மட்டும் பூசிக் கிடந்த நாலாவது சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இத இப்படியே விட்டு வையி. வெயிலு எப்படி விழுகுதுன்னு இருந்து பாத்துத்தான் சொல்லணும்."

அந்தச் சுவர் இன்னும் வெறும் பட்டியோடுதான் நிற்கிறது, அம்மாவும் இன்னும் வெயிலைப் பார்த்துக்கொண்டு இங்கேதான் இருக்கிறாள். தெருவில் பார்க்கும்போதெல்லாம் பெயின்டர் கேட்கிறார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் நான் முறைக்கிறேன். அம்மாவிடம் மட்டும் நான் கேட்பதே இல்லை.