ஏணிக்குக் கேட்ட பகடை

ஞாயிறு மாலை நான்கு பத்துக்கு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டில், மகளின் வீராங்கனை ஏணியில் ஏறினாள். கதையை நடத்திய நான் உருட்டச் சொன்னேன். ஒன்றுதான் வந்தது.

“கீழ விழுந்துட்ட,” என்றேன்.

“ஏணிக்குமா டைஸ்? தோத்தா கதை மாறும்னாதாம்மா உருட்டணும். கதவு, மாடிப்படி, எல்லாத்துக்கும் கேக்குற. எனக்கு வலிப்பு வருதுன்னுதானே?”

ஆமாம், அதனால்தான். ஆனால் பகடையைத்தான் மறுபடி அவளிடம் நீட்டினேன். பதினாறு வயதில் முதல்முறையாகத் தனியே வீட்டைவிட்டு வெளியேறினாள், போனைக்கூட எடுக்கவில்லை. அஸ்தினாபுரம் தெருக்களில் தேடி அலைந்து, வாசலில் வந்து நின்றேன்.

ஆறு மணிக்கு ஆட்டோக்காரர் ஒருவர் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

“பஸ் ஸ்டாப்பாண்ட வலிப்பு வந்துச்சுக்கா. இப்ப நல்லாகீது. அம்மாவாண்ட சொல்லாதீங்கண்ணான்னு ஒரே அழுகை.”