கிணற்றுக்குள் கிடந்த ஒயின்

என் வாழ்நாளில் நான் குடித்த ஒயின் மொத்தம் ஒரு வாய். அதுவும் உச்சி வெயிலில், திருவாதவூர்ப் பக்கம் ஒரு வற்றிய கிணற்றின் மேட்டில் நின்றுகொண்டு, டீ வடிகட்டியில் வடித்துக் குடித்தது. நாக்கில் பட்டதும் நாவல்பழம் தின்றது போல ஒரு துவர்ப்பு. அது அடங்கியதும் பன்னீர் திராட்சையின் வாசம் மெதுவாக மேலே ஏறி வந்தது. விழுங்கி வெகுநேரம் ஆன பின்னும் அது வாயை விட்டுப் போகவில்லை. ஒயினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கெட்டுப் போனதை நல்லது என்று சொல்லும் நாக்கு இல்லை என்னுடையது. அது நல்ல ஒயின். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம்ப வேண்டியவர் அன்றைக்கு நம்பவில்லை.

அவரை நாங்கள் எல்லோரும் புரொபசர் என்றுதான் சொல்வோம். மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முப்பத்தொரு வருஷம் நான் லேப் அசிஸ்டெண்ட். அதில் பெரும்பகுதி அவர்தான் துறைத் தலைவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். பசுமலையில் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். நான் திருவாதவூர். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். எங்கள் தெருவில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். புரொபசர் வீட்டுக்கு நான் போனால் காபி வரும், பேப்பர் கப்பில் வரும். அவர்கள் வீட்டு டம்ளரில் ஒரு நாளும் வந்ததில்லை. வருகிற காபி நன்றாகவே இருக்கும், குடித்துவிட்டு வருவேன். எனக்குத் தெரியக் கூடாததை அவரும் அம்மாவும், அதாவது அவர் மனைவியும், என் முன்னாலேயே அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். ஐந்தாறு வருஷத்தில் எனக்கு அது முக்கால்வாசி புரிய ஆரம்பித்துவிட்டது. புரிகிறது என்று நான் காட்டிக்கொண்டதே இல்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். பிராக்டிகல் வகுப்பில் அவர் ஒரு கண்ணாடி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது வேர் என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அது தண்டு. நான்தான் முந்தின நாள் வெட்டிச் சாயம் ஏற்றியவன், லேபிள் மாற்றி ஒட்டியவனும் நானே. தப்பு என்னுடையது என்பதால்தான் வாயைத் திறந்தேன். "சார், அது தண்டு சார்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை, எல்லா உத்தரவும் துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைக்கப்பட்டது. மூன்றாம் மாதம் நானே போய், இனிமேல் நடக்காது சார் என்று நின்றேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். சரி சார். அவர் மேல் மட்டும் பழியைப் போட்டால் எனக்கே அடுக்காது. அந்த வார்த்தை எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அவருக்குத் திராட்சைக் கிறுக்கு. கம்பம் பக்கத்தில் விளைகிற பன்னீர் திராட்சை நம் கரட்டு மண்ணிலும் வரும், அதில் வெளிநாட்டுக்காரன் மெச்சுகிற ஒயின் எடுக்கலாம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அதை அவர் அறிவார். எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு ஏக்கரைக் கிணற்றோடு வாங்கிப் பந்தல் போட்டார். காவல் நான். மூன்றாம் வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. வீட்டுக்குள் இந்தச் சனியன் வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், தோட்டத்துக் கொட்டகையிலேயே பழத்தைப் பிசைந்து, பெரிய கண்ணாடி ஜாடிகளில் ஊற வைத்து, வடித்து, நாற்பது பாட்டிலில் அடைத்துத் தக்கை போட்டோம். போட்டோம் என்ன போட்டோம், பிசைந்ததும் கழுவியதும் அடைத்ததும் நான். அவர் தெர்மாமீட்டர் பார்த்தார்.

அடுத்த கோடையில் கிணறு வற்றியது. போர் போட்டால் உப்புத் தண்ணீர். கொடி அத்தனையும் கருகியது. இனி அந்த மண்ணில் அந்தத் திராட்சை இல்லை, அந்த நாற்பது பாட்டில்தான் மிச்சம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து மோட்டார் வைக்க ஒரு சின்ன அறை இருக்கும். மோட்டாருக்கு வேலையில்லாமல் போனதால் பாட்டில்களை அதில் படுக்க வைத்தோம். மேலே நெருப்பாகக் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை படியில் இறங்கி, சாக்கை நனைத்துப் போட்டு, தக்கை கசிகிறதா என்று பார்த்து, வெப்பத்தைக் குறித்து அவருக்குப் போனில் சொல்வது என் வேலை.

ஐந்து வருஷம் கிடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐந்தாம் வருஷம் வந்தார், இறங்கினார், ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தக்கைத் திருகியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவும் செய்தார். பிறகு பாட்டிலைப் பழைய இடத்திலேயே படுக்க வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்" என்றார். சரி சார் என்றேன். மகள் கல்யாணத்துக்குத் திறப்பதாகச் சொன்னார், திறக்கவில்லை. ரிட்டயர்மெண்ட் அன்றைக்குத் திறந்து, சிரித்தவர்கள் வாயிலேயே ஊற்றுவேன் என்றார், அன்றைக்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து மகன் வந்தபோது படி வரைக்கும் கூட்டி வந்துவிட்டு, அங்கே பாம்பு கிடக்கும் என்று சொல்லித் திருப்பிக் கூட்டிப் போனார். பாம்பெல்லாம் ஒன்றும் இல்லை. திறந்து புளித்திருந்தால் எல்லோரும் சொன்னது சரியாகிவிடும். திறக்காத வரைக்கும் அவர் சொன்னதுதான் சரி. இந்தப் பயம் எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது, ஆனால் புரிந்ததைச் சொல்லும் பழக்கம்தான் எனக்கு விட்டுப்போயிருந்ததே.

எட்டாம் வருஷமோ என்னவோ, ஒரு பாட்டில் என் கை தவறிப் படியில் விழுந்து உடைந்தது. கிணறு முழுக்க மணத்தது. விரலில் தொட்டு நாக்கில் வைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, அவர் திறக்காததை நான் ருசிப்பதா என்று. சாயந்தரம் பசுமலைக்குப் போய், உடைந்துவிட்டது என்று சொல்லி, கூடவே, "வாசம் ரொம்ப நல்லா இருந்துச்சு சார், இப்பத் தொறந்தா சரியா இருக்கும்னு தோணுது" என்றேன். அத்தனை வருஷத்தில் நானாகச் சொன்ன ஒரே யோசனை அது. "ஒனக்கு என்னப்பா தெரியும் அதப் பத்தி" என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். பேப்பர் கப் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்தக் கொள்ளைநோய்க் காய்ச்சல் வந்தது. அவர் பிழைத்து எழுந்தார், ஆனால் வாசனையும் ருசியும் போனது போனதுதான். சாம்பாரும் வெந்நீரும் ஒன்றுதான்ப்பா எனக்கு என்று போனில் சொன்னார். ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள், இரண்டு வருஷமாகியும் வரவில்லை. அதற்குள் முட்டியும் போய்விட்டது. மகனின் வற்புறுத்தலில் நிலத்தை விற்பதாக முடிவாயிற்று. வாங்குகிறவர் கிணற்றை மூடி மனை போடப் போகிறார், அடுத்த வாரம் மண் லாரி வருகிறது என்றார்கள். மீதி இருந்தது முப்பத்தொன்பது பாட்டில். பதினாறு வருஷமாகத் திறக்காததை இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப் போட முடியாது.

காரில் வந்து இறங்கினார்கள் அவரும் அம்மாவும். நான் கிணற்றில் இறங்கி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தேன். தக்கை பொடிந்து உள்ளே விழுந்ததால் வடிகட்டியில் வடித்தேன். புரொபசர் வீட்டிலிருந்து துண்டில் சுற்றி ஒரு கண்ணாடிக் கோப்பை கொண்டுவந்திருந்தார். அதில் ஊற்றிக் கொடுத்ததை மூக்கருகில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இந்த ஒன்றின் வாசமாவது தனக்குத் தெரியும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். குடித்தார். இன்னொரு முறை குடித்தார். "தண்ணியாத்தான் இருக்கு" என்றார். அம்மாவிடம் கோப்பையை நீட்டினார், அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் புரொபசர் என்னைப் பார்த்தார். அந்தக் கோப்பையை, அவர் வாய் வைத்த கோப்பையை, என்னிடம் நீட்டினார்.

குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு சார்" என்றேன்.

"புளிக்கலையா?"

"இல்ல சார். நெசமாவே நல்லா இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே வந்திருக்கு."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு அது அப்படியே சுருங்கியது. அம்மாவின் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் சொன்னார். இவன் புளித்த காடியைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வான், இத்தனை வருஷத்தில் எதையாவது இல்லை என்று சொல்லியிருக்கிறானா என்றார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் மேல் சத்தியம், என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். உங்கள் பாஷை எனக்குத் தெரியும், இந்த ஒரு தடவை நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். "அம்புட்டையும் கொட்டிரு. எவனும் குடிச்சுப் பாத்துச் சிரிக்கக் கூடாது" என்றார். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரி சார் என்றேன்.

இரண்டு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஒன்றையாவது யாராவது தெரிந்த ஆளிடம் கொடுத்து, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து கிணற்றின் அடியில் ஊற்றினேன். முப்பத்தெட்டு பாட்டில். இரண்டு மூன்று புளித்திருந்தன. மற்றதெல்லாம் மணத்தது. காய்ந்து வெடித்துக் கிடந்த மண் எல்லாவற்றையும் குடித்தது. மேலே ஏறி வரும்போது எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேலா என் மேலா என்று இன்று வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது அந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக் கற்கள் நிற்கின்றன. எந்த மனைக்குக் கீழே கிணறு இருந்தது என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது.

போன ஆடியில் புரொபசர் காலமானார். காரியம் முடிந்த பிறகு மகன் எனக்குப் போன் பண்ணினார். நல்ல பையன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அப்பாவின் நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த ஒயின் கதையை எழுதலாம் என்றிருக்கிறேன் என்றார். இத்தனை காலம் கழித்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். தம்பி, அது நல்ல ஒயின் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவரே தொடர்ந்தார். "அப்பா கடைசி வரைக்கும் ஒண்ணு சொல்லிட்டே இருந்தாருண்ணே. எல்லாம் புளிச்சுப் போச்சு, நல்லவேளை வெளியாள் யாருக்கும் கொடுக்கலன்னு. நீங்கதான் குடிச்சுப் பாத்துட்டு, காடியாப் போச்சு சார்னு ஒளிக்காமச் சொன்னீங்களாமே. வாழ்க்கையில அவரு முகத்துக்கு நேரா உண்மை சொன்ன ஒரே ஆளு நீங்கதானாம். அதுல அவருக்கு ஒங்க மேல பெரிய மரியாதண்ணே."

நல்லதாக வந்து, அது தனக்கு மட்டும் தெரியாமல் போனது என்பதைத் தாங்குவதைவிட, கெட்டுப் போனது என்பது அவருக்கு லேசாக இருந்திருக்கும். அதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. போனின் அந்தப் பக்கம் மகன் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமா தம்பி" என்றேன்.