பிளாக் பண்ணின நம்பர்

சுங்கை பினாங் பிளாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிற புஷ்பவள்ளியை யாரும் பேசி ஏமாற்றிவிட முடியாது. பள்ளிக்கூடக் கேண்டீனில் பதினெட்டு வருஷமாக வெங்காயம் நறுக்குகிறவள். முந்தாநாள் மீனை இன்றைய மீன் என்று பசாரில் எவனும் அவள் தலையில் கட்டினதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

மகள் மோகனா டிப்ளமா முடித்துப் பதினோரு மாதம் ஆகியும் வேலை இல்லை. புக்கிட் தெங்காவில் ஒரு பேக்டரிக்கு இன்டர்வியூ போய்வந்த பிறகுதான் பிள்ளை முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. "இந்த வாரம் கூப்பிடறேன்னாங்கம்மா" என்று போனும் கையுமாகத் திரிந்தாள்.

புதன்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் போன் அடித்தது. தெரியாத நம்பர். மலாய்க்காரப் பெண் ஒருத்தி, "மோகனாவா? ஐசி நம்பர் சொல்லுங்க, சரிபார்க்கணும்" என்றாள். பக்கத்து வீட்டு சபூராக்கா போன மாதம் இப்படித்தான் ஐசி என்கிற அடையாளக் கார்டு நம்பரைச் சொல்லிவிட்டு, ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசெல்லாம் ஏமாற்றுக்காரர்களிடம் பறிபோய் அழுதாள். புஷ்பவள்ளி விடுவாளா? எங்கிருந்து பேசுகிறேன் என்று அந்தப் பெண் வாயெடுப்பதற்குள், "வெட்கமா இல்லையா? உழைச்சுத் தின்னு!" என்று மலாயில் ஏசி, சபூராக்கா சொல்லிக்கொடுத்தபடி நம்பரை பிளாக்கும் பண்ணிவிட்டுச் சாம்பாரைக் கிண்டப் போனாள். அவள் காலத்தில் வேலை போனில் வந்ததில்லை, பாவம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோகனா கேட்டாள்: "நான் இல்லாதப்ப யாராச்சும் கூப்பிட்டாங்களாம்மா?"

புஷ்பவள்ளிக்குப் புதன்கிழமை வந்த போன் ஞாபகம் வந்தது. "இல்லையே" என்றாள். வாய் முந்திக்கொண்டது.

"அப்ப என் இங்கிலிஷ்தான் கவுத்திருக்கும். மேனேஜர் கேட்டப்ப திக்கினேன்லா."

அதோடு இன்டர்வியூ சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். இனி எங்கும் மனுப் போடப் போவதில்லை, மினி மார்க்கெட்டில் கல்லாவுக்கு ஆள் கேட்கிறார்கள், அங்கேயே போகிறேன் என்றாள். கண்ணாடி முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொள்வாள். புஷ்பவள்ளி அதைக் கேட்டுக்கொண்டே சோறு பிசைவாள். சோறு இறங்காது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பு தப்புதான்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி விடுமுறை விட்டார்கள். மகளிடம் சொல்லாமல் பெர்ரி ஏறி, பஸ் மாறி, புக்கிட் தெங்கா பேக்டரி வாசலில் போய் நின்றாள். காவலுக்கு இருந்த ஜெயராஜ் ஏற இறங்கப் பார்த்தான்.

"வேலை கேட்டா வந்தீங்க? நமக்கெல்லாம் ரிட்டயர் வயசு, அக்கா!"

"உன் தொப்பை எனக்கில்ல தம்பி. வேலைக்கு எடுக்கறவங்களுக்குப் போன் பண்ற பொண்ணைக் கூப்பிடு. பாக்காம நகர மாட்டேன்."

ஷஹீரா என்ற அந்தப் பெண் வந்தாள். புஷ்பவள்ளி இரண்டு வார்த்தை பேசியதுமே குரல் பிடிபட்டுவிட்டது. "நீங்கதானே மாச்சிக், என்னை உழைச்சுத் தின்னச் சொன்னது?" என்று சிரித்தாள். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"உங்க மகளைத்தான் முதல் ஆளா எடுத்திருந்தோம். இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தோம், கிடைக்கல. இப்ப வேற ஆள் சேர்ந்தாச்சு."

புஷ்பவள்ளி கெஞ்சிப் பார்த்தாள். இடம் இல்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மோகனா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"முதல் ஆளுன்னா சொன்னாங்க? அந்த இங்கிலிஷை வச்சா?"

"அதை வச்சுத்தான்."

ஒரு கணம் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் பிள்ளைக்கு அழுகை வந்தது. "திட்டினது தெரியாம செஞ்சது, விடு. ரெண்டு வாரம் நான் என்னையே கரிச்சுக் கொட்டினேன். நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

புஷ்பவள்ளி குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்து ஆணியில் தொங்கியது. மோகனா மறுபடி நாலு இடத்துக்கு மனுப் போட்டாள். அம்மாவிடம் பேசவும் செய்கிறாள், பழையபடி கேலியும் பண்ணுகிறாள். ஆனால் குளிக்கப் போகும்போது போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, கூடவே எடுத்துக்கொண்டு போகிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டால், புஷ்பவள்ளி தலையை நிமிர்த்தாமல் வெங்காயத்தை நறுக்குகிறாள்.