ஜாபர் பாய் இறங்கிய கடைசிச் சரிவு

அந்தச் செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை. சியரா மலையில், பனி மூடிய சரிவின் அடியில் நான் நின்றிருந்தபோது கையிலிருந்த வாக்கி-டாக்கியில் வந்தது. மேலேயிருந்து சுரேஷ் கத்தினான்: "மணி, பாய் விழுந்துட்டார்! உன் பக்கம்தான் வர்றார்!"

கலிஃபோர்னியாவில் நாங்கள் வசிக்கும் பிளசன்டனில் ஜாபர் பாயை அறியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. காயல்பட்டினத்துக்காரர், என்னோடும் சுரேஷோடும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இரண்டாயிரத்து ஒன்றில், முப்பத்தாறு வயதில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பனிச்சறுக்கு கற்றுக்கொண்டார். விழுந்து விழுந்து எழுந்தார். "கடக்கர ஊர்க்காரனுக்குத் தண்ணி எந்த ரூபத்துல இருந்தா என்ன?" என்று சிரித்தார். பிறகு எங்களையும் இழுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இல்லாத மலையாகப் பார்த்து, நடந்தே ஏறிச் சறுக்கி இறங்குவோம். போன வருடம் ஓர் உச்சியில் நின்று கீழே பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சொல்ல வெட்கம். அவர் என் முகத்தைப் பார்த்தார். "பயமா இருந்தா வாய விட்டுச் சொல்லிடணும் மணி. மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கிற ஆள் எப்பவும் கூட இருக்க மாட்டான்." வந்த வழியே மூவரும் நடந்து இறங்கினோம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

இந்த ஏப்ரலில் நாங்கள் போனது, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஒரு குறுகிய பனி இடுக்கு. வெயில் பட்டுப் பனி இளகும்வரை மேலே காத்திருந்தோம். நான்தான் முதலில் இறங்கினேன். "பனி நல்லாருக்கு, வாங்க பாய்" என்று கூப்பிட்டதும் நான்தான். பாறையின் நிழல் விழுந்த ஒரு திருப்பத்தில் மட்டும் பனி இறுகிக் கண்ணாடியாக இருந்திருக்கிறது. நான் அதற்கு ஓரடி தள்ளி வந்திருந்தேன்.

ஓடிப்போய்த் தலையை மடியில் தாங்கிக்கொண்டபோது அவருக்கு நினைவு இருந்தது.

"சுரேஷ் எங்க?"

"மேலதான் பாய்."

"ஸ்கீய கழட்டிட்டு... நடந்து இறங்கச் சொல்லு."

சொன்னேன். சுரேஷ் அடிமேல் அடிவைத்து, உயிரோடு வந்து சேர்ந்தான். அதற்குள் பாய் போய்விட்டார். மீட்பு ஹெலிகாப்டர் அதன் பிறகுதான் வந்தது.

ஜனாஸா தொழுகையும் அடக்கமும் முடிந்த மாலையில் அவருடைய பத்து வயது மகள் என்னிடம் வந்தாள். "அங்கிள், டிட் வாப்பா ஆஸ்க் ஃபார் அஸ்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சுரேஷ் அங்கிள பத்திதாம்மா கேட்டார். அதுக்கு மேல அவரால பேச முடியல."

அவள் உடைந்து அழுதாள். அவர் மனைவி ரஸியா அக்கா மகளை அணைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கடைசி வரைக்கும் அவர் தனியா இல்லைல்ல, தம்பி?"

"இல்லக்கா."

அவரை அறிந்த ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது, அந்தப் பனியில் என் மடியில் கிடந்த அவர் தலையின் கனம். அதை நான் இறக்கிவைக்கப் போவதில்லை.